வீடு இருக்கிற பிள்ளை

1

மகளைக் கேட்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்: "பிள்ளைக்கு வீடு இருக்கு."

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணப் பேச்சு அப்படித்தான் தொடங்கும். பெண்ணின் பெயரைக் கேட்கும் முன் வீட்டைக் கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருப்பது பெண்ணைப் பெற்றவனுக்கு மதிப்பில்லை என்பதால் முந்திக்கொண்டேன். முந்தியதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

வந்தவர்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக் குடும்பம். பூர்வீகம் கண்டிப் பக்கம். பையன் இம்ரானும் என் மகள் ஸஹ்லாவும் லெஸ்டரில் ஒன்றாகப் படித்து, இப்போது ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார்கள். நாங்கள் லூட்டனில் வாடகைக்கு இருக்கிறோம். அவள் லெஸ்டரில் நாலு பேரோடு ஒரு வீட்டைப் பங்கு போட்டு, ஒரு அறையில் இருக்கிறாள்.

நான் வீடு என்றதும் இம்ரானின் உம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! எந்த ரோட் நானா?" என்றார் இம்ரானின் வாப்பா.

"பெரிய பள்ளிக்குப் பின் ஒழுங்கை. மூணு அறை, ரெண்டு குளியலறை, முழுக்க டைல்ஸ். கடலுக்கு நடந்தே போகலாம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லூட்டனில் ஏது கடல்? லெஸ்டரிலும் கிடையாது.

"அது... சிலோன்லயா?" என்று வாப்பா மெதுவாகக் கேட்டார்.

"சாய்ந்தமருதில. வேற எங்க?" என்றேன்.

ஸஹ்லா கையிலிருந்த வட்டிலப்பத் தட்டைப் பார்த்தபடியே நின்றாள். இம்ரான் இருமினான். அவன் உம்மா நல்ல மனுசி, உடனே சமாளித்தார். "பரவாயில்ல நானா. எங்கட பக்கத்துல பொண்ணுகிட்ட இருந்து வீடு எடுக்கிற பழக்கம் இல்ல. அது எங்களுக்கு வெக்கம். எங்கட மகன் வாடகைக்கு ஒரு எடம் பாத்து அவளக் கூட்டிட்டுப் போவான்."

என் மனைவி ஜெஸ்மின் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"வெக்கமாம்! கேட்டீங்களா மச்சான்? ஊடு இல்லாமப் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறது அவகளுக்கு மருவாதியாம், ஊடு குடுக்கிறது வெக்கமாம்!"

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் பஸ் டிப்போவில் என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரனுக்கு ஒருநாள் விளக்க வேண்டி வந்தது. எங்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். பெற்றவர்கள் முன் அறையை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுக்கொடுத்துப் பின்பக்கம் போவார்கள். அடுத்த மகளுக்கு முறை வந்தால், அந்த வீட்டை விட்டே வெளிக்கிட்டு இன்னொரு வீட்டுக்கு வழி பார்ப்பார்கள்.

"நீ எத்தனை வீடு கட்டினாய்?" என்று கேட்டான்.

"இரண்டு."

"உன் பெயரில் எத்தனை?"

"ஒன்றும் இல்லை."

"அப்புறம் எதற்குக் கட்டினாய்?"

பதில் சொல்வதற்குள் என் பஸ் புறப்படும் நேரம் வந்துவிட்டது, நல்லவேளை.

முதலாவது வீடு என் தங்கச்சி ரிபாயாவுக்குக் கட்டியது. தங்கச்சிக்கு வீடு முடியாமல் அண்ணன்காரன், எங்கள் பேச்சில் காக்கா, கலியாணம் முடிக்க ஏலாது, அது எழுதாத சட்டம். சவூதியில் வெயிலில் நின்று உழைத்ததெல்லாம் அந்தக் கல்லுக்கும் சீமெந்துக்கும் போனது. அது முடிந்த பிறகுதான் நான் மாப்பிள்ளையாகி, ஜெஸ்மினின் வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனேன். நாங்கள் இங்கிலாந்துக்கு வந்த பிறகு அந்த வீடும் ஜெஸ்மினின் தங்கச்சிக்குப் போயிற்று. பிறந்தது உம்மாவின் வீட்டில், வாழ்ந்தது பெண்சாதியின் வீட்டில், இப்போது இருப்பது வாடகை வீட்டில்.

இரண்டாவது வீடுதான் ஸஹ்லாவுடையது.

3

ஸஹ்லாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் கையில் ஒரு தொகை சேர்ந்திருந்தது. லூட்டனில் நாங்கள் இருந்த தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வந்தது. இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டிய சின்ன வீடு, பின்னால் ஒரு பாய் விரிக்கக்கூடிய அளவு தோட்டம். தரகன் எங்களைக் கெஞ்சினான். இப்போதே முன்பணம் கட்டினால் மிச்சத்தை வங்கி தரும், இனி இந்த விலைக்குக் கிடைக்காது என்றான்.

நாங்கள் என்ன செய்தோம்? அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பி வீடு கட்ட ஒரு வளவு வாங்கினோம். பெண்பிள்ளைக்கு ஏழு வயது ஆகியும் வளவு இல்லையென்றால் ஊரில் ஒருவரின் முகத்தைப் பார்த்துக் கதைக்க முடியுமா? ஆறு பேர்ச் காணி, ஆயிரத்து அறுநூறு சதுர அடி வரும். அதைச் சுற்றி மூணு பக்கமும் அடுத்தவன் மதில். மூன்று வருடம் கட்டினோம். காணி உறுதிப் பத்திரம் ஜெஸ்மினின் பெயரில், பிறகு மகளுக்கு எழுதுவதாக ஏற்பாடு. அத்திவாரம் போடும்போது லீவில் போயிருந்தோம். "இது உன்ட ஊடு மகள்" என்று காட்டினோம். அவள் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இங்கிலீசில் கேட்டாள், "இங்கே நான் எப்போது வந்து இருப்பேன்?" நாங்கள் சிரித்தோம். அது நல்ல கேள்வி என்று அன்று படவில்லை.

லூட்டனில் வாங்காமல் விட்ட அந்தச் சின்ன வீட்டைத் தாண்டித்தான் என் பஸ் தினமும் போகிறது. அண்மையில் அது மறுபடி விலைக்கு வந்தது. தரகர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்த அன்று நான் அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்த மறந்துபோனேன். ஒரு கிழவி மணியை அடித்து அடித்து ஏசினாள். ஏசட்டும்.

4

பெண்கேட்டு வந்தவர்கள் போன அடுத்த கிழமை எங்கள் வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. வீட்டை விற்கப் போகிறாராம், நாங்கள் வேறு இடம் பார்க்க வேண்டுமாம். மரியாதையாகத்தான் சொன்னார். வேறு வீடு பார்க்கப் போனால், ஒரு வீட்டைப் பார்க்க வாசலில் பதினைந்து பேர் வரிசை. கேட்ட வாடகைக்கு மேலேயே தருகிறேன் என்று சிலர் தரகரின் காதுக்குள் சொல்கிறார்கள். வேலை செய்கிற இடத்திலிருந்து கடிதம், வங்கிக் கணக்கு, முந்திய வீட்டுக்காரரின் நற்சான்று, எல்லாம் கொடுத்து, கடைசியில் கடைக்கு மேலே இரண்டு அறைகளோடு ஒரு பிளாட் கிடைத்தது. ஒன்று பெரிய அறை. மற்றதில் ஒரு கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும்.

அங்கே குடிபோன அன்றுதான், உதவிக்கு வந்த ஸஹ்லா கேட்டாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில்தான் இங்கிலீசில் வரும். முக்கியமான விசயமென்றால் மட்டும் தமிழுக்கு வருவாள். அன்று தமிழில் கேட்டாள்.

"வாப்பா, ஊர்ல இரிக்கிற வீட்ட வித்தா என்ன? இங்க ஒரு சின்ன பிளாட்டுக்கு டெபொசிட் போடலாம். நானும் இம்ரானும் மிச்சத்தக் கட்டுவம்."

நான் ஜெஸ்மினைப் பார்த்தேன். அவள் பெயரில் இருக்கிற வீடு, அவள்தான் சொல்ல வேண்டும்.

"அந்த ஊட்டுக்குள்ள உன்ட மாமி இரிக்கிறா. அவவ எங்க போகச் செல்ற?" என்றாள் ஜெஸ்மின்.

அதுதான் சிக்கல். மாமி என்றது என் தங்கச்சி ரிபாயா, அவளுக்கு இரண்டு பெண்கள். நான் கட்டிய வீட்டை மூத்தவளின் கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டு, இளையவள் ஹனாவோடும் புருசனோடும் ஸஹ்லாவின் வீட்டில் காவலுக்கு இருந்தாள். இப்போது ஹனாவுக்கும் மாப்பிள்ளை வந்திருந்தது. ஹனா பள்ளிக்கூட டீச்சர், மாப்பிள்ளையும் டீச்சர், சம்மாந்துறைக்காரர். எல்லாம் சரி, வீடு மட்டும்தான் இல்லை.

"சரி, போய்ப் பார்த்திட்டு முடிவெடுப்பம்" என்றேன். ஸஹ்லா தலையாட்டினாள். முகம் வாடியிருந்தது.

5

நானும் ஜெஸ்மினும் ஊருக்குப் போய் இறங்கியதும் தெரிந்தது, நில விலையைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் குறைவு.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு கீற்று நிலம். அதற்குள்தான் எல்லோரும். சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஓரத்தில் கட்டப் பயந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒழுங்கைகளுக்குள் ஆட்டோ திரும்பாது. மௌத்து வந்தால் சடலம் சுமக்கும் சந்தூக்கைச் சரித்துப் பிடித்துத்தான் மூலை திருப்புகிறார்கள். மொட்டை மாடிகளில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு மாடி ஒரு மகளுக்கு. மேலே கம்பி நின்றால் இன்னொரு மகள் மிச்சம் என்று அர்த்தம். சீமெந்து விலை ஏறிய பிறகு அந்தக் கம்பிகள் அப்படியே துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வாங்குகிறவர்கள் யார்? ஊரிலே உழைக்கிறவன் இல்லை. மீன்காரனோ, மருதமுனை நெசவுக்காரனோ, வாத்தியாரோ கிட்டவும் போக ஏலாது. கட்டார், சவூதி, லண்டன். அதாவது நான். விலையை ஏற்றியவர்களில் நானும் ஒருத்தன்தான் என்பதைத் தரகர் வாயால் கேட்டேன். "ஒங்கள மாதிரி ஆக்கள் வெளிநாட்டுக் காசோட வந்து பேரம் பேசாம வாங்கினதாலதானே காக்கா எங்களுக்கும் புழைப்பு" என்று சந்தோசமாகச் சொன்னார்.

ரிபாயா ஸஹ்லாவின் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே போனால் சுவரோரம் பெட்டிகள், பைகள், கயிறு கட்டிய பாய்கள். நான் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தாள்.

"என்னகா இது?" என்றேன்.

"ஒன்ட புள்ளட ஊடு காக்கா. நாங்க காவலுக்கு இரிந்த ஆக்கள். நீ வாயால போகச் செல்லி நான் போறதா? அதுக்கு முதல் நானே கட்டிட்டன்."

"எங்க போகப் போறாய்?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஊருக்கு மேற்கே, வயலை மண் போட்டு நிரப்பிய இடத்தில் ஒரு வாடகை வீடு. சுவரில் போன மாரியின் தண்ணீர்க் கோடு முழங்கால் உயரத்தில் நின்றது. எங்கள் ஊரில் வாடகை வீடு என்றால் வெளியூரிலிருந்து வருகிற வங்கிக்காரருக்கும் டொக்டருக்கும்தான். இப்போது ஊர்க்காரர்கள் ஊருக்குள்ளேயே வாடகை கொடுக்கிறார்கள்.

ஹனாவும் கூட வந்திருந்தாள். "மாமா, எனக்கு ஊடு வேணாம். நானும் அவரும் ரெண்டு சம்பளம். இப்பிடி ஒண்டுல இரிந்துக்குவம்" என்றாள்.

"வாயப் பொத்து" என்றாள் ரிபாயா. "வாடகைக்கு இரிக்கிறாளாம்! நாளைக்கு மாப்புள ஊட்டார் வந்து என்ட மூஞ்சில துப்பட்டும்."

இரண்டு சம்பளத்தையும் ஒரு சதம் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஊருக்குள் ஒரு பேர்ச் வாங்க அவர்களுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். ஸஹ்லாவின் கணக்கும் அப்படித்தான் இருந்தது.

6

வீட்டை வாங்கக் கேட்ட ஆள் கட்டாரில் இருந்தார். வீட்டைப் பார்க்க அவருடைய மனைவியும் சின்ன மகளும் வந்தார்கள். மனைவி குளியலறைக் குழாய்களையெல்லாம் திறந்து பார்த்தாள். தரகர் சொன்ன விலைக்குத் தயக்கமே இல்லை. பிள்ளை ஒவ்வொரு அறையாக ஓடிக் கதவுகளைத் திறந்து மூடி விளையாடிற்று.

"ஆருக்கு வாங்குறீங்க?" என்று ஜெஸ்மின் கேட்டாள்.

"இவக்குத்தான்" என்று அந்தப் பெண் பிள்ளையைக் காட்டினாள். "இப்பவே வாங்கிப் போடாட்டி மறுகா வாங்க ஏலாது தானே?"

"என்ன வயசு?"

"நாலு. நேசரிக்குப் போறா."

பிள்ளை வந்து ஜெஸ்மினின் சாரியைப் பிடித்து இழுத்து, "இது என்ட ஊடா?" என்று கேட்டது.

ஜெஸ்மின் பிள்ளையின் தலையைத் தடவினாள். அவர்கள் போன பிறகு கதிரையில் உட்கார்ந்தாள். கட்டிவைத்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"மச்சான், அந்தப் புள்ளக்குக் கலியாணம் வர இன்னும் பதினஞ்சு வருசம் கிடக்கு. அதுவரைக்கும் ஊட்டப் பூட்டித்தான் போடுவாக, ரிபாயா வாறதுக்கு முந்தி நாங்க செஞ்ச மாதிரி."

"நல்ல விலைதானே" என்றேன். எனக்கு மனதில் ஸஹ்லாவின் வாடிய முகம்தான்.

ஜெஸ்மின் ஸஹ்லாவுக்கு வீடியோவில் அழைத்தாள். வந்த விலையைச் சொன்னாள். ஸஹ்லா அதை இங்கிலாந்துப் பவுணுக்கு மாற்றிப் பார்த்தாள். அங்கே பக்கத்தில் இம்ரானின் தலையும் தெரிந்தது. இருவரும் கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் வாயைப் பிளக்க வைத்த விலை, ரூபா விழுந்த விழுகையில், அங்கே ஒன்றுமில்லாமல் போயிற்று.

"பாதி டெபொசிட்டுக்கும் வராது உம்மா" என்றாள். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு, தமிழிலேயே கேட்டாள்: "ஹனா எங்க?"

ஹனா போனைப் பார்க்க மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நின்றாள். ரிபாயா பிடித்துத் தள்ளினாள்.

"ஹனா, எனக்கு அந்த வீடு பாதி டெபொசிட்டும் இல்ல. உனக்கு அது ஒரு முழு வீடு. நான் அங்க வந்து இரிக்கப் போறதில்ல. சின்னப் புள்ளயிலயே கேட்டன், ஒருத்தரும் பதில் செல்லல்ல." சிரித்தாள். கண் கலங்கியிருந்தது, அல்லது அங்கே வெளிச்சம் அப்படி. "உம்மா, நீங்க செல்லுங்க. உங்கட வீடு."

ஜெஸ்மின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்குத் தெரியும், அவளுக்கு அந்த வீட்டைக் கொடுக்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு டைல்ஸும் அவள் போனில் பார்த்துத் தெரிந்தெடுத்தது. பெற்ற மகளை ஒன்றும் இல்லாமல் அனுப்புகிற உம்மா என்று பெயர் வரும்.

"அவளுக்கு வேணாமாம்" என்றாள் கடைசியில். "வேணும் எண்டு நிக்கிற புள்ளக்குப் போகட்டும். ரிபாயா, அந்தக் கட்டெல்லாத்தையும் அவுத்துப் போடு."

ரிபாயா அழுதாள். அழுது முடித்ததும் சண்டைக்கு வந்தாள். சும்மா வாங்க மாட்டாளாம். அவள் புருசனுக்கு இறக்காமம் ஊரில் அரை ஏக்கர் வயல் உண்டு, அதை நாங்கள் எடுக்க வேண்டுமாம்.

"அது யான வாற காணியெல்லோ?" என்றேன்.

"ஓம், வரும்தான். காணி எண்டா யானயும் வரும், வெள்ளமும் வரும். எடுக்கிறியா இல்லியா?"

எடுத்தேன். உறுதி எழுதும் நொத்தாரிசு யார் பெயருக்கு எழுதுவது என்று கேட்டபோது நான் பழக்கத்தில் ஜெஸ்மினின் பெயரைச் சொன்னேன். "காக்காட பேருக்குத்தான்" என்று ரிபாயா மேசையில் தட்டினாள். அப்படி, இந்த வயதில், முதன்முதலாக ஒரு உறுதியில் என் பெயர் வந்தது. போன போகத்தில் யானை பாதியைத் தின்றுவிட்டதாம். வேலிக்குச் செலவுண்டு என்று ரிபாயாவின் புருசன் செய்தி அனுப்பியிருக்கிறார்.

ஹனாவின் கலியாணம் அடுத்த மாதமே நடந்தது. மருமகன் குடிவந்தார். ரிபாயா பின்பக்கம் குசினியோரம் தகரம் அடித்து ஒரு அறை எடுத்துக்கொண்டாள். "எனக்கு இது பழக்கம்தானே" என்றாள் போனில்.

7

ஸஹ்லாவின் கலியாணம் லெஸ்டரில். சாப்பாடு, படம் பிடிப்பு எல்லாம் முடிந்து, அவள் இம்ரானின் காரில் ஏறி அவன் பிடித்திருந்த வாடகை பிளாட்டுக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் கலியாணத்தன்று வாசலைத் தாண்டி வெளியே போன முதல் பெண் அவள்தான். என் உம்மா போகவில்லை, ரிபாயா போகவில்லை, ஜெஸ்மின் போகவில்லை. போனதெல்லாம் பெற்றவர்கள். நாங்கள் இரண்டு பேரும் லூட்டனுக்கு வந்து, கடைக்கு மேலே படியேறி, கதவைத் திறந்து நின்றோம். என்ன செய்வதென்று தெரியவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் அப்படியே இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை பகல், மாப்பிள்ளையும் மகளும் விருந்துக்கு வந்தார்கள். ஜெஸ்மின் கோழியும் இறாலும் ஆக்கியிருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் ஸஹ்லா கைகழுவப் போனவள், பெரிய அறை வாசலில் நின்றுவிட்டாள். எங்கள் உடுப்பு, மருந்து, தொழுகைப் பாய் ஒன்றும் அங்கே இல்லை. கட்டிலில் புது விரிப்பு, இரண்டு புதுத் தலையணை.

"யார் இங்க இரிக்கிற?" என்றாள்.

"நீங்கதான்" என்றாள் ஜெஸ்மின்.

"உம்மா, நாங்க அஞ்சு மணிக்குப் போகணும்."

"ஓம், போங்க. ஆரு வேணாம் எண்ட?"

ஸஹ்லா சின்ன அறையின் கதவைத் தள்ளினாள். அது பாதிதான் திறந்தது. உள்ளே எங்கள் இரண்டு பேரின் படுக்கையும், மூலையில் எங்கள் பைகளும். அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 

"எத்தின நாளா இதுக்குள்ள இரிக்கிறீங்க வாப்பா?"

"கலியாணத்தில இருந்து."

அவள் திரும்பி நடையில் நின்ற இம்ரானிடம் இங்கிலீசில் சொன்னாள், காரில் எப்போதும் கிடக்கும் மாற்றுடுப்புப் பையை எடுத்து வரச் சொல்லி. அவன் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், படியிறங்கிப் போனான். ஸஹ்லா பெரிய அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நல்ல அறை" என்றாள். "நாளைக்குப் போறம்."

ஜெஸ்மின் என் கையைப் பிடித்துச் சின்ன அறைக்குள் இழுத்து, பாதித் திறந்த கதவை மெல்லச் சாத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கண்டு கனகாலம். "புள்ளக்கு ஊடு குடுத்திட்டம் மச்சான்" என்றாள்.

"ஓம்" என்றேன்.